அயர்லாந்தின் லீவிங் சர்ட்: ஒரு தேர்வு வகுப்பறையை எப்படி மாற்றுகிறது

அயர்லாந்தில் பள்ளி இறுதித் தேர்வுக்கு உயர்நிலை ஆங்கிலம் எடுக்கும் பிள்ளைகளுக்கு எட்டுக் கவிஞர்கள் பாடம். இரண்டு வருடம் படித்துவிட்டு ஜூன் மாதத்தில் இரண்டாம் தாளைப் பிரித்தால், அந்த எட்டுப் பேரில் நான்கு பேரைப் பற்றித்தான் கேள்வி இருக்கும். அதிலும் ஒருவரைப் பற்றி எழுதினால் போதும். பல ஆண்டுகள் இருந்துவந்த ஏற்பாடு இது.

பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட அதிக நேரம் ஆகாது. எட்டில் நான்கு வரும் என்றால், ஐந்து பேரை நன்றாகத் தயார் செய்துகொண்டால் அவர்களில் ஒருவராவது வந்தே தீர வேண்டும். மீதி மூன்று பேரின் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். இன்னும் துணிச்சலான பிள்ளைகள் மூன்றே பேரோடு நிறுத்திக்கொண்டு, 'இந்த வருஷம் யார் வருவார்' என்று மே மாதம் முழுக்க ஊகம் பேசுவார்கள். செய்தித்தாள்களும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளும்.

அந்த மூன்று கவிஞர்களைப் படிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் இருக்கிறார்கள், புத்தகத்தில் இருக்கிறார்கள், ஆசிரியருக்கு அவர்களை ரொம்பப் பிடித்தும் இருக்கலாம். ஆனாலும் வகுப்பறையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். கல்வி ஆய்வாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பேக்வாஷ்'.

கடற்கரையில் கால் நனைத்து நிற்கும்போது, அலை திரும்பிப் போகையில் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும் இல்லையா, அந்த இழுப்புக்குத்தான் ஆங்கிலத்தில் இந்தப் பெயர். நாம் இதைப் பின்னிழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தேர்வு என்பது படிப்பு முடிந்த பிறகு வருவது. ஆனால் அதன் இழுப்பு பின்னோக்கி ஓடி, அதற்கு முன்னால் உள்ள மாதங்களையும் வருடங்களையும் மாற்றிவிடுகிறது. ஆசிரியர் எதைச் சொல்லித்தருகிறார், பிள்ளை எதைத் தவிர்க்கிறது, எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறது, பெற்றோர் எதற்குப் பணம் கட்டுகிறார்கள் எல்லாமே அந்த இழுப்பில் திசை மாறுகின்றன. இதை ஒரு நாடு முழுவதும் பரந்து பார்க்க வேண்டும் என்றால் அயர்லாந்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். அங்கே இருப்பது ஒரே பெரிய தேர்வு. அதைச் சுற்றி நல்ல ஆய்வுகளும் நடந்திருக்கின்றன.

அந்தத் தேர்வின் பெயர் லீவிங் சர்டிபிகேட். எல்லோரும் லீவிங் சர்ட் என்றுதான் சொல்வார்கள். 1925இல் தொடங்கியது. வருடா வருடம் ஜூன் மாத வங்கி விடுமுறைக்கு அடுத்த புதன்கிழமை காலை ஆங்கில முதல் தாளோடு ஆரம்பிக்கும். அந்த வாரம் வெயில் அடித்தால் நாடே 'லீவிங் சர்ட் வெயில்' என்று சொல்லும். பெரும்பாலான பிள்ளைகள் ஏழு பாடம் எழுதுகிறார்கள். அநேகமாக எல்லாப் பாடங்களிலும் உயர்நிலை, சாதாரண நிலை என இரண்டு நிலைகளில் தாள்கள் உண்டு. உயர்நிலைத் தாள் இளஞ்சிவப்பு. எதை எழுதுவது என்று தேர்வு அன்று காலைகூட மனசை மாற்றிக்கொள்ளலாம். கணக்குத் தாளுக்கு அப்படிக் கடைசி நிமிடத்தில் கீழே இறங்கும் பிள்ளைகள் எப்போதும் உண்டு.

சரி, தேர்வு எல்லா நாட்டிலும்தான் இருக்கிறது. அயர்லாந்தில் மட்டும் என்ன இவ்வளவு இழுப்பு? அதற்குப் பல்கலைக்கழகச் சேர்க்கை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

1976இல் கால்வே நகரில் சி.ஏ.ஓ என்ற மைய விண்ணப்ப அலுவலகம் தொடங்கியது. மாணவர் தனக்கு வேண்டிய படிப்புகளை விருப்ப வரிசையில் எழுதி அனுப்புவார். தேர்வில் வாங்கிய கிரேடுகள் பாயிண்டுகளாக மாற்றப்படும். உயர்நிலையில் 90 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தால் எச்1, அதற்கு 100 பாயிண்ட். அடுத்த பத்துக்கு எச்2, 88. அதற்கடுத்து 77, 66, 56 என்று இறங்கும். சிறந்த ஆறு பாடங்களின் கூட்டுத்தொகைதான் கணக்கு. பெரும்பாலான படிப்புகளுக்கு நேர்காணல் கிடையாது, பள்ளியின் பரிந்துரைக் கடிதம் கிடையாது, பள்ளிக் காலத்தில் வேறு என்ன செய்தாய் என்ற கேள்வியும் கிடையாது. அந்த ஒரு எண்தான்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. ஒரு படிப்புக்கு 550 பாயிண்ட் வேண்டும், இன்னொன்றுக்கு 350 போதும் என்றால், முதலாவது கடினமான படிப்பு என்று பொருள் இல்லை. எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கடைசி இடத்தைப் பிடித்தவர் எத்தனை பாயிண்ட் வைத்திருந்தாரோ அதுவே அந்த வருடத்து வாசல். சில படிப்புகளின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்த எண்ணைத் தொட்ட எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை, ஒரே பாயிண்டில் நின்றவர்களுக்குள் குலுக்கல் முறையில் இடம் தரப்பட்டது என்று அதற்குப் பொருள். வேண்டிய எண்ணைச் சரியாக எடுத்தும் அந்த நட்சத்திரத்தின் தவறான பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் இருக்கிறார்கள். ஒரு பாயிண்டுக்காக ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்த நட்சத்திரத்தைத்தான்.

பின்னிழுப்பு எவ்வளவு வலுவானது என்பதற்குக் கணக்குப் பாடம் ஒரு தெளிவான சாட்சி. 2012 முதல் உயர்நிலைக் கணக்கில் எச்6க்கு இணையான தேர்ச்சியோ அதற்கு மேலோ எடுத்தால் 25 பாயிண்ட் கூடுதலாகத் தரலாம் என்று பல்கலைக்கழகங்கள் முடிவு செய்தன. கூட்டிப் பாருங்கள். எச்6 என்பது 40 முதல் 50 சதவீதத்துக்குள். அதற்கு 46 பாயிண்ட். கூடுதல் 25ஐச் சேர்த்தால் 71. வரலாற்றில் 60க்கு மேல் எடுத்து எச்4 வாங்கிய பிள்ளைக்கு 66தான். அதாவது கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறுவது, வரலாற்றை ஓரளவு நன்றாகப் படிப்பதைவிட லாபம். என்ன நடந்திருக்கும்? 2011இல் கணக்கு எழுதியவர்களில் 16 சதவீதம் போலத்தான் உயர்நிலை எடுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அது 30 சதவீதத்தைத் தாண்டியது. பிள்ளைகளுக்குத் திடீரென்று கணக்கின் மேல் காதல் வந்துவிடவில்லை. கடைசியில் இருக்கும் அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினார்கள், இரண்டு வருடம் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முடிவு மாறியது. நல்ல நோக்கத்தோடு செய்ததுதான், பலருக்குப் பயனும் இருந்தது. ஆனால் சாதாரண நிலையில் நிம்மதியாகப் படித்திருக்க வேண்டிய பிள்ளைகள் 25 பாயிண்டுக்காக மே மாதம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததும் அதே மாற்றத்தால்தான்.

2017இல் எதிர்த் திசையில் ஒரு முயற்சி நடந்தது. அதுவரை கிரேடுகள் மொத்தம் 14, பெரும்பாலும் ஐந்து சதவீதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு ஐந்துக்கும் பிள்ளைகள் அலைந்தார்கள். அதை எட்டாகக் குறைத்து, பத்துச் சதவீதத்துக்கு ஒன்று என்று ஆக்கினார்கள்.

இப்போது ஆய்வுக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

டப்ளினில் ஈ.எஸ்.ஆர்.ஐ என்ற பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே எமர் ஸ்மித் தலைமையில் ஒரு குழு 2002இல் ஒரு வேலையைத் தொடங்கியது. 12 இடைநிலைப் பள்ளிகளில் முதல் வருடத்துக்குள் அப்போதுதான் காலடி வைத்த, பன்னிரண்டு வயதை ஒட்டிய 900 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் லீவிங் சர்ட் எழுதி முடிக்கும்வரை வருடா வருடம் கூடவே போனார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசினார்கள். வகுப்பில் என்ன நடக்கிறது, எந்த ஆசிரியர் பிடிக்கும், எப்போது அலுத்துப்போகிறது என்று அவர்கள் சொன்னதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். கல்விக் கொள்கை பற்றிப் பேசும்போது அமைச்சர், ஆசிரியர் சங்கம், பெற்றோர் எல்லோரும் பேசுவார்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது அபூர்வம். அதனால்தான் இந்த ஆய்வுக்கு இவ்வளவு மதிப்பு.

கடைசி வருடத்தைப் பற்றி அவர்கள் கண்டது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆசிரியர் பேச, பிள்ளைகள் குறிப்பெடுக்க, அப்புறம் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் போட்டுப் பழக என்று வகுப்பு சுருங்கிவிடுகிறது. மன அழுத்தம் எல்லோருக்கும் உண்டு, பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல். எதிர்பாராதது வேறொன்று. முந்தைய வருடங்களில் இதே பிள்ளைகள், பேசி, விவாதித்து, கைகளால் செய்து பார்க்கும் வகுப்புகள்தான் தங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆறாம் வருடத்தில், அதாவது கடைசி வருடத்தில், பெரிய கனவுகள் உள்ள பிள்ளைகள் பலர் மாறிப்போனார்கள். தேர்வுக்கு வராத எதையாவது ஆசிரியர் பேசினால் அவர்களுக்குப் பொறுமை இல்லை. நேரே வினாத்தாளுக்குப் போகிறவரே நல்ல ஆசிரியர் ஆனார். பின்னிழுப்பு பாடத்தை மட்டும் மாற்றுவதில்லை, நல்ல பாடம் எது என்று பிள்ளை நினைக்கிறதோ அதையும் மாற்றிவிடுகிறது. படித்தபோது என்னை நிறுத்தி யோசிக்க வைத்த கண்டுபிடிப்பு இது.

ஆனால் இன்னும் பின்னால் போக வேண்டும். இரண்டாம் வருடம். பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. முதல் வருடத்தின் புதுமை தீர்ந்துவிட்டது, பொதுத் தேர்வு இன்னும் தூரத்தில் இருக்கிறது. ஆய்வாளர்கள் கவலையோடு சுட்டிக்காட்டியது இந்த வருடத்தைத்தான். சில பிள்ளைகள் இந்தச் சமயத்தில் பள்ளியிலிருந்து மனசளவில் விலகத் தொடங்குகிறார்கள். ஆசிரியரோடு உரசல், திட்டு, தண்டனை, மேலும் விலகல் என்று அது ஒரு சுழலாகிறது. இப்படி விலகியவர்களில் பலருக்குப் பின்னால் வந்த தேர்வு முடிவுகளும் சரியாக அமையவில்லை, சிலர் பள்ளியையே விட்டுவிட்டார்கள்.

இதோடு சேர்ந்தது தரம் பிரித்தல். சில பள்ளிகள் பிள்ளைகள் சேரும் சமயத்திலேயே ஒரு சோதனை வைத்து, மேல் வகுப்பு, கீழ் வகுப்பு என்று பிரித்துவிட்டன. தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளில்தான் இந்த வழக்கம் கூடுதலாக இருந்தது. கீழ் வகுப்பில் பாடம் மெதுவாகப் போகும், எதிர்பார்ப்பும் குறைவு. அந்தப் பிள்ளை உயர்நிலைத் தாளை எடுக்கும் வாய்ப்பு அங்கேயே மங்கிவிடுகிறது. அதன் விலை என்ன என்று பாயிண்ட் அட்டவணையில் பார்த்தால் தெரியும். சாதாரண நிலையில் 90க்கு மேல் எடுத்தாலும் 56 பாயிண்ட்தான். ஆறு பாடத்திலும் அப்படியே எடுத்தாலும் மொத்தம் 336. உயர்நிலையில் எட்டக்கூடிய உச்சம் 625. பன்னிரண்டு வயதில் யாரோ ஒருவர் எந்த வகுப்பில் உட்காரவைத்தார் என்பது, பதினெட்டு வயதில் எந்த வாசல் திறக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிட்டது. தேர்வுக் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரம் என்ற நியாயம் இந்தப் பிள்ளைக்கு ஆறு வருடம் தாமதமாக வருகிறது. எனக்கு இதில் சமாதானம் ஆக முடியவில்லை.

இதை அரசு கவனிக்காமலும் இல்லை. வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகளுக்குக் கூடுதல் உதவி தரும் 'டெஷ்' என்ற திட்டம் 2005இல் வந்தது. ஐரிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு வாய்ப்பு என்று பொருள். 2022 விரிவாக்கத்துக்குப் பிறகு ஏறத்தாழ 1,200 பள்ளிகள் அதற்குள் இருக்கின்றன. சிறிய வகுப்புகள், கூடுதல் ஆசிரியர், கூடுதல் நிதி. அதில் எனக்கு மிகவும் பிடித்தது வீட்டையும் பள்ளியையும் இணைக்கும் ஒருங்கிணைப்பாளர் வேலை. இது டெஷ்ஷுக்கும் முன்னால் 1990இலேயே தொடங்கியது. பாடம் நடத்துவதிலிருந்து ஓர் ஆசிரியரை விடுவித்து, பெற்றோரின் வீடுகளுக்குப் போய்ப் பேசுவதையே அவருடைய முழுநேர வேலையாக ஆக்கினார்கள். தன் பள்ளி நாட்களின் கசப்பில் பள்ளி வாசலையே மிதிக்காத ஒரு தாயின் சமையலறை மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு பிள்ளையைப் பற்றிப் பேசுவது, அறிக்கைகளில் பெரிதாகத் தெரியாத, ஆனால் உண்மையான வேலை.

பணம் உள்ளவர்கள் பக்கம் பின்னிழுப்பு வேறு வடிவம் எடுக்கிறது. தனிப்பயிற்சிக்கு அங்கே 'கிரைண்ட்ஸ்' என்று பெயர், அரைப்பது என்ற சொல்லிலிருந்து வந்தது. மாலையில், வார இறுதியில், ஈஸ்டர் விடுமுறையில் என்று நடக்கும். வசதியான குடும்பங்களில் கூடுதல். ஆனால் எமர் ஸ்மித் 2009இல் வெளியிட்ட ஆய்வு, குடும்பப் பின்னணியையும் பிள்ளையின் முந்தைய நிலையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இந்தப் பயிற்சியால் கிரேடு கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. அதற்குப் பிறகும் கிரைண்ட்ஸ் குறையவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும்போது நம் பிள்ளை போகாமல் இருந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தை ஓர் ஆய்வுக் கட்டுரை தீர்த்துவிடாது, அது எனக்கும் புரிகிறது.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் இந்தத் தேர்வை மாற்றவில்லை? ஏனென்றால் மக்கள் அதை நம்புகிறார்கள். விடைத்தாளில் பெயர் இல்லை, எண் மட்டுமே. திருத்துபவருக்கு எழுதியவர் யார் என்று தெரியாது. ஊருக்கு ஊர் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு சின்ன நாட்டில், கடைக்காரர் மகளுக்கும் மருத்துவர் மகனுக்கும் ஒரே அளவுகோல் என்பது சாதாரண விஷயம் இல்லை. பாயிண்ட் முறையை ஆராய அரசு அமைத்த ஆணையம், ஆன்யா ஹைலண்ட் தலைமையில் 1999இல் தந்த அறிக்கையில், குறைகளைச் சொன்னபோதும் அதை வைத்துக்கொள்ளவே பரிந்துரைத்தது. தாள்கள் எளிதில் ஊகிக்கக்கூடியவை என்ற பரவலான நம்பிக்கையை ஆக்ஸ்ஃபோர்டு, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் சோதித்தார்கள். பெரிய அளவில் அப்படி இல்லை என்றே கண்டார்கள். உயர்ந்த சிந்தனைத் திறன்களுக்குத் தாள்கள் இன்னும் இடம் தரலாம் என்ற கவலையையும் சொன்னார்கள். ஊகித்து ஜெயிக்கலாம் என்று பிள்ளைகள் நம்பினாலே போதும், பின்னிழுப்பு வேலை செய்யத் தொடங்கிவிடும்.

இழுப்பைத் தளர்த்த எடுத்த முயற்சிகளில் பழையதும் அழகானதும் டிரான்ஸிஷன் இயர். 1974இல் அமைச்சர் ரிச்சர்ட் பர்க் தொடங்கிவைத்தது. மூன்றாம் வருட முடிவில் எழுதும் கீழ்நிலைத் தேர்வு முடிந்த பிறகு, லீவிங் சர்ட் படிப்பு தொடங்கும் முன் ஒரு முழு வருடம், பொதுத் தேர்வே இல்லாமல். அந்தப் பிள்ளைகள் ஒரு வாரம் கால்நடை மருத்துவரிடம் வேலை பார்ப்பார்கள், சிறு கம்பெனி நடத்திப் பார்ப்பார்கள், நாடகம் போடுவார்கள். வீண் வருடம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஈ.எஸ்.ஆர்.ஐ 2004இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வருடத்தை எடுத்தவர்கள் சராசரியாக லீவிங் சர்ட்டிலும் நன்றாகவே செய்தார்கள். எல்லோருக்கும் இல்லை: கட்டாயமாக்கிய பள்ளிகளிலும் வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளிலும் அந்தப் பலன் தெரியவில்லை. சுற்றுலாவுக்கும் பயிற்சிகளுக்கும் வீட்டில் பணம் கேட்கிற வருடம் அது என்பதையும் மறக்கக் கூடாது.

கீழ்நிலைத் தேர்வை அரசுத் தேர்வாக இல்லாமல் பள்ளியே மதிப்பிடட்டும் என்று 2012இல் அமைச்சர் ருவாரி குவின் அறிவித்தபோது, ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். என் மாணவனுக்கு நானே நீதிபதியாக முடியாது என்பது அவர்கள் வாதம். 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் ஒருநாள் வேலைநிறுத்தங்கள் நடந்தன. கடைசியில் அரசுத் தேர்வு தங்கியது, வகுப்பறை மதிப்பீடுகள் அதற்குப் பக்கத்தில் தனியாகச் சேர்ந்தன. பிறகு 2020இல் கொரோனா வந்து, லீவிங் சர்ட்டுக்கே ஆசிரியர்கள் மதிப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. கிரேடுகள் ஏறின. அந்த ஏற்றத்தை மெல்ல இறக்குவது 2025இல்தான் தொடங்கியது.

பல்கலைக்கழகத்துக்குள் போனபிறகு? அதே 900 பேரில் பலரைப் பள்ளி முடித்துச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடிப்போய்க் கேட்டார்கள். 2014இல் அது வெளிவந்தது. உயர்கல்விக்குப் போனவர்களில் பலர் தானாகப் படிப்பதில் திணறியதைச் சொன்னார்கள். வேலைப் பளு, எதிர்பார்க்கும் தரம், கற்பிக்கும் முறை எல்லாமே அந்நியமாக இருந்தன. பள்ளியில் எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று அச்சிட்ட திருத்தும் குறிப்பு கையில் இருந்தது. நூலகத்தில் பத்துப் புத்தகங்களுக்கு நடுவே உட்காரவைத்து, உன் கருத்தை எழுது என்றால், இரண்டு வருடம் வேறொரு பழக்கத்தில் ஊறிய பிள்ளைக்குக் கை ஓடாது.

2025 செப்டம்பரில் லீவிங் சர்ட் பாடங்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல் உள்ளிட்ட முதல் தொகுதிப் பாடங்களில், மொத்த மதிப்பெண்ணில் குறைந்தது 40 சதவீதம் எழுத்துத் தேர்வுக்கு வெளியே, மாணவர் தானே செய்யும் ஆய்வுப் பணிக்கு. திருத்துவது பள்ளி ஆசிரியர் இல்லை, அரசின் தேர்வு ஆணையமே. பெயரில்லாத எண்ணின் மேல் உள்ள நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு இழுப்பைத் தளர்த்தப் பார்க்கும் ஏற்பாடு இது, எனக்கு நல்ல யோசனையாகவே படுகிறது. ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளும் நியாயமானவை. செயற்கை நுண்ணறிவு எழுதித்தந்ததைப் பிள்ளை எழுதியதிலிருந்து எப்படிப் பிரிப்பது? நல்ல ஆய்வகம் உள்ள பள்ளிப் பிள்ளையின் சோதனையும், ஓட்டை மேசையும் பாதி உபகரணமும் உள்ள பள்ளிப் பிள்ளையின் சோதனையும் ஒரே தட்டில் வருமா? முதல் தொகுதிப் பிள்ளைகள் 2027 ஜூனில் தேர்வு எழுதுகிறார்கள். அந்த வருடம் இரண்டாம் வருடத்தில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடமும் யாராவது போய்க் கேட்க வேண்டும்: உன் வகுப்பில் இப்போது என்ன நடக்கிறது, யார் உன்னை எந்த வகுப்பில் உட்காரவைத்தார்கள், ஏன்?